ஓக்லஹோமா: ஓடிப் பிடித்த மண்

1889 ஏப்ரல் 22, உச்சிப் பொழுது. எல்லைக் கோட்டின் ஓரம் ஏறத்தாழ 50,000 பேர் காத்து நின்றார்கள். குதிரைமேல் பலர், கூண்டு வண்டியில் குடும்பத்தோடு பலர், நடையாகவே வந்து சேர்ந்தவர்கள் சிலர், ரயில் பெட்டிகளில் நெருக்கியடித்துத் தொங்கியவர்கள் இன்னும் சிலர். மணி பன்னிரண்டானதும் ராணுவ வீரர்கள் வானை நோக்கிச் சுட்டார்கள், எக்காளம் ஊதினார்கள். கூட்டம் பாய்ந்தது. எதிரே சுமார் 20 லட்சம் ஏக்கர் நிலம். முதலில் போய் முளைக்குச்சி அடித்தவருக்கு 160 ஏக்கர். ஐந்து ஆண்டு அங்கே குடியிருந்து பயிர் செய்தால் அது அவர் பெயருக்கே ஆகிவிடும். காலையில் வெறும் ரயில் நிறுத்தமாக இருந்த கத்ரி, இரவு விளக்கேற்றும் நேரத்தில் 10,000 பேர் கூடாரமடித்த ஊராகிவிட்டது. இன்று மாநிலத் தலைநகராக இருக்கும் ஓக்லஹோமா சிட்டி பிறந்ததும் அதே பிற்பகலில்தான்.

நேரத்துக்கு முன்பே எல்லை தாண்டிப் புதருக்குள் ஒளிந்திருந்து, வேட்டுச் சத்தம் கேட்டதும் வெளியே வந்து நல்ல நிலத்தைப் பிடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். 'சூனர்' என்று அவர்களை ஏசினார்கள். அவர்கள் பிடித்த நிலம் பற்றிய வழக்குகள் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் இழுத்தன. பின்னாளில் அந்த ஏச்சே மாநிலத்தின் செல்லப் பெயராகிவிட்டது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் அதுதான் பெயர்.

இந்தக் காட்சியைப் பற்றிப் படங்கள் வந்திருக்கின்றன, நாவல்கள் வந்திருக்கின்றன, சிலைகள் நிற்கின்றன. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த 20 லட்சம் ஏக்கர் அதுவரை யாருடையதாக இருந்தது?

அரசாங்க வரைபடத்தில் அதற்கு 'ஒதுக்கப்படாத நிலம்' என்று பெயர். உண்மையில் அது மஸ்கோகி, செமினோல் என்ற இரண்டு பூர்வகுடி மக்களின் நிலம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவர்களுடைய தலைவர்களில் ஒரு சாரார் தெற்கு மாநிலங்களோடு சேர்ந்ததைக் காரணம் காட்டி, 1866இல் புது ஒப்பந்தங்களை அவர்கள் தலையில் கட்டி, மலிவு விலைக்கு அரசாங்கம் அதை எழுதி வாங்கியது. வேறு பூர்வகுடிகளைக் குடியேற்றத்தான் இது என்று அப்போது சொன்னார்கள். 23 ஆண்டு கழித்து, வேட்டுச் சத்தத்தோடு அது வெளியிலிருந்து வந்த குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது.

அந்த மக்களுக்கும் ஓக்லஹோமா பிறந்த மண் அல்ல என்பது இன்னும் கொடிய செய்தி. அவர்கள் ஜார்ஜியா, அலபாமா, ஃபுளோரிடா பக்கத்துக்காரர்கள். 1830 மே மாதம் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்திட்ட சட்டம் அவர்களை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்ப வழிசெய்தது. பருத்திக்கு ஏற்ற கரிசல் வெள்ளைத் தோட்டக்காரர்களுக்கு வேண்டியிருந்தது. ஜார்ஜியாவில் தங்கமும் கிடைத்திருந்தது.

அதே சட்டம் குறிவைத்த இன்னொரு பூர்வகுடியான செரோக்கி மக்கள் சண்டைக்குப் போகவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார்கள். செக்வோயா என்ற ஒருவர் தனியாளாக உட்கார்ந்து உருவாக்கிய எழுத்துமுறை அவர்களிடம் இருந்தது. 1828 முதல் சொந்தச் செய்தித்தாள் இருந்தது, எழுதப்பட்ட அரசியல் சட்டம் இருந்தது. 1832இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், செரோக்கி நாட்டின்மீது ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. தீர்ப்பைச் செயல்படுத்தத்தான் ஆள் இல்லை. 1835 டிசம்பரில், மக்கள் ஒப்புதல் பெறாத ஒரு சிறு குழுவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மொத்த நாட்டையும் எழுதி வாங்கியாயிற்று என்றது அரசு. தலைவர் ஜான் ராஸ் ஆயிரக்கணக்கானவர்களின் கையெழுத்தோடு மனுக் கொடுத்தார். பலனில்லை.

1838 கோடையில் படைவீரர்கள் வீடு வீடாகப் போய் மக்களைப் பட்டிகளில் அடைத்தார்கள். பெரும்பாலோர் 1838-39 குளிர்காலத்தில் நடந்தார்கள். ஏறக்குறைய 16,000 பேர் வெளியேற்றப்பட்டதில் சுமார் 4,000 பேர் பட்டிகளிலும் வழியிலும் நோயாலும் பசியாலும் குளிராலும் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஜான் ராஸின் மனைவியும் அவர்களில் ஒருவர். அவரை ஆர்கன்ஸாவில் லிட்டில் ராக் ஊரில் புதைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் மேலே போனார்கள். கண்ணீர்ப் பாதை என்று அந்த வழிக்குப் பெயர் வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது. அந்த வரிசையில் செரோக்கிச் செல்வந்தர்களின் கறுப்பின அடிமைகளும் நடந்தார்கள். ஊர் பறிகொடுத்தவர்களுக்குள்ளேயே, தம் உடம்புகூடத் தமக்குச் சொந்தமில்லாதவர்கள் அவர்கள். விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை உண்டு என்று 1866 ஒப்பந்தம் எழுதியது. செரோக்கி நாட்டில் அந்த உரிமையை அவர்களுடைய சந்ததியார் கூட்டாட்சி நீதிமன்றத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள 2017 வரை ஆனது.

இவர்களுக்கு முன்பே, 1831 தொடங்கிச் சாக்டா மக்கள் துரத்தப்பட்டிருந்தார்கள். வந்த இடத்தில் கால் ஊன்றியும் ஊன்றாமலும் இருந்த காலம் அது. 1847 மார்ச்சில், கடலுக்கு அப்பால் அயர்லாந்து என்ற நாட்டில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து மக்கள் பட்டினியால் சாகிறார்கள் என்ற செய்தி அவர்கள் காதுக்கு எட்டியது. ஸ்கல்லிவில் என்ற ஊரில் கூடி, கையில் இருந்ததைத் திரட்டி, 170 டாலர் அனுப்பினார்கள். பசி என்றால் என்ன என்று அறிந்த கைகள் கொடுத்த பணம். அயர்லாந்து அதை மறக்கவில்லை. கார்க் மாவட்டத்தின் மிடில்டன் ஊரில் ஒன்பது பெரிய கழுகு இறகுகளை எஃகில் வடித்து நன்றிச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். 2020இல் கொரோனா பரவியபோது, நவஹோ, ஹோபி பூர்வகுடிகளுக்கான நிதிக்கு ஐரிஷ்காரர்கள் ஆயிரக்கணக்கில் பணம் போட்டார்கள். 1847இன் கடன் என்று காரணமும் எழுதினார்கள். ஓக்லஹோமா வரலாற்றில் நெஞ்சு நிறையும் பக்கங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

துரத்தப்பட்டு வந்த பூர்வகுடிகள் புது மண்ணில் மளமளவென்று எழுந்தார்கள். தாலக்குவா செரோக்கிகளின் தலைநகரானது. அதன் அருகே 1851இல் பெண்களுக்கென்று ஓர் உயர்கல்விக்கூடம் திறந்தார்கள். எந்த மாநிலத்தின் எல்லைக்குள்ளும் இந்த நிலத்தை அவர்கள் சம்மதமின்றிச் சேர்ப்பதில்லை என்று அமெரிக்க அரசே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தது.

அந்த வாக்கை உடைக்கும் கருவியாக வந்தது பட்டா. பூர்வகுடிகளின் நிலம் மொத்தச் சமூகத்துக்கும் பொது. அதைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு இவ்வளவு என்று எழுதி, மிஞ்சியதை வெளியாருக்குத் திறப்பது 1887ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி. செரோக்கி, சாக்டா, மஸ்கோகி, செமினோல் உட்பட, கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஐந்து பூர்வகுடி நாடுகளுக்கு முதலில் விலக்கு இருந்தது. 1898இல் அதுவும் போயிற்று. தனிப்பட்டா கைக்கு வந்ததும் கடன்காரன், தரகன், போலிப் பத்திரம் எழுதுபவன் எல்லோரும் வாசலில் நின்றார்கள். 1887இல் அமெரிக்கா முழுவதும் பூர்வகுடிகளிடம் இருந்தது 13.8 கோடி ஏக்கர். 1934இல் மிஞ்சியது 4.8 கோடி. சிட்டோ ஹார்ஜோ என்ற மஸ்கோகிப் பெரியவர் பட்டாவே வேண்டாம் என்று மறுத்தார். 1906இல் டல்சாவுக்கு வந்த செனட் குழுவின் முன் நின்று, பழைய ஒப்பந்தத்தைக் காப்பாற்றுங்கள் என்று மட்டும் கேட்டார்.

1905இல் மஸ்கோகி நகரில் ஒரு மாநாடு கூடியது. தங்கள் பகுதியைச் செக்வோயா என்ற தனி மாநிலமாக ஏற்கும்படி அரசியல் சட்டமே எழுதி, வாக்கெடுப்பும் நடத்தி, பெரும்பான்மையோடு வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். காங்கிரஸ் காது கொடுக்கவில்லை. 1907 நவம்பர் 16 அன்று குடியேறிகளின் ஓக்லஹோமா பிரதேசம், பூர்வகுடிப் பிரதேசம் ஆகிய இரண்டையும் சேர்த்து ஓக்லஹோமா 46ஆவது மாநிலமாயிற்று. கத்ரியில் அன்று ஒரு பாவனைக் கல்யாணம் நடத்தினார்கள். மாப்பிள்ளை ஓக்லஹோமா பிரதேசம், மணப்பெண் பூர்வகுடிப் பிரதேசம்.

புதிய சட்டமன்றம் முதல் வேலையாக என்ன செய்தது தெரியுமா? ரயிலிலும் ரயில் நிலையத்திலும் கறுப்பர் வேறு, வெள்ளையர் வேறு என்று பிரித்தது. செனட் மசோதா எண் 1 அதுதான்.

இதற்குள் மண்ணுக்கு அடியில் எண்ணெய் கிடைத்துவிட்டது. 1905இல் டல்சா அருகே கிளென் பூல் கிணறு பொங்கியது. இன்னும் வடக்கே, ஓசேஜ் மக்கள் கான்சாஸிலிருந்து வெளியேறியபோது சொந்தப் பணத்தில் வாங்கியிருந்த பாறைக்காட்டுக்கு அடியிலும் எண்ணெய். இதற்கு உழவு வராது, எனவே இனி நம்மைத் துரத்த மாட்டார்கள் என்று எண்ணி வாங்கிய நிலம் அது. 1906இல் பட்டா பிரித்தபோது அவர்கள் தலைவர்கள் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார்கள்: நிலத்தைப் பிரியுங்கள், அடியில் உள்ள கனிமம் பொதுவாகவே இருக்கட்டும். 2,229 பங்குகள். 1923 ஒரே ஆண்டில் அந்தப் பங்குகளுக்கு வந்த பணம் 3 கோடி டாலருக்கு மேல்.

பங்கை விற்க முடியாது, வாரிசாக மட்டுமே அடையலாம். கொலைக்கு வழி திறந்தது அங்கேதான். பூர்வகுடி ரத்தம் பாதியோ அதற்கு மேலோ உள்ளவருக்குத் தன் பணத்தைக் கையாளத் தெரியாது என்று சொல்லி, வெள்ளைக்காரப் 'பாதுகாவலர்'களைச் சட்டமே நியமித்தது. பற்பசை வாங்கவும் அந்த ஆளிடம் அனுமதி கேட்க வேண்டும். ஃபேர்ஃபேக்ஸ் ஊர்க்காரி மோலி பர்க்ஹார்ட்டின் தங்கை மின்னி 1918இல் இனம் தெரியாத நோயில் இறந்தார். 1921 மே 27 அன்று அக்கா அன்னா பிரவுன் ஓர் ஓடைப் பள்ளத்தில் சுடப்பட்டுக் கிடந்தார். இரண்டு மாதத்தில் தாய் லிஸ்ஸி போனார். 1923 மார்ச்சில் இன்னொரு தங்கை ரீட்டாவின் வீடே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பின்னணியில் இருந்தவர் வில்லியம் ஹேல், ஊரே மதித்த கால்நடைப் பண்ணையார். அவருடைய சொந்தச் சகோதரி மகன் எர்னெஸ்ட்தான் மோலியின் கணவர். பின்னாளில் எஃப்பிஐ ஆன அமைப்பின் அதிகாரிகள் துப்புத் துலக்கி இருவரையும் சிறைக்கு அனுப்பினார்கள். ஆயுள் தண்டனை பெற்ற ஹேல் 1947இல் பரோலில் வெளியே வந்துவிட்டார். ஹேல் ஒருவர்தான் குற்றவாளி என்று நினைத்துவிடக் கூடாது. விசாரிக்கப்படாமலே புதைக்கப்பட்ட ஓசேஜ் மரணங்கள் பல. மருத்துவர், வக்கீல், பாதுகாவலர் என்று ஒரு ஊரின் மரியாதையான வர்க்கமே அதில் கை நனைத்திருந்தது.

அன்னாவின் உடல் கிடைத்த நான்காம் நாள், அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் டல்சா எரியத் தொடங்கியது.

டல்சாவில் ரயில் தண்டவாளத்துக்கு வடக்கே கிரீன்வுட் என்று ஒரு பகுதி. சுமார் 10,000 கறுப்பின மக்கள். 1893இல் நடந்த இன்னொரு நில ஓட்டத்தில் ஓடி வந்த ஓ. டபிள்யூ. கர்லி என்பவர் 1906 வாக்கில் இங்கே நிலம் வாங்கிக் கறுப்பர்களுக்கு மனை விற்கத் தொடங்கினார். மஸ்கோகி நாட்டின் முன்னாள் அடிமைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்ட நிலமும் அக்கம்பக்கத்தில் இருந்தது. எண்ணெய்ப் பணம் ஊருக்குள் புரண்டது. வெள்ளையர் கடைகளில் நுழைய முடியாத மக்கள் தங்கள் கடைத்தெருவையே எழுப்பிக்கொண்டார்கள். ஸ்டிராட்ஃபோர்ட் ஹோட்டல், ட்ரீம்லேண்ட் திரையரங்கு, இரண்டு செய்தித்தாள்கள், மருத்துவர்கள், வக்கீல்கள்.

1921 மே 30 அன்று, டிக் ரோலண்ட் என்ற 19 வயது ஷூ பாலீஷ் போடும் இளைஞன் ஒரு கட்டடத்தின் லிஃப்டில் ஏறினான். லிஃப்டை இயக்கிய வெள்ளைப் பெண் கத்தினாள். உள்ளே என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியில்லை. மறுநாள் மாலைச் செய்தித்தாள் அதைப் பலாத்கார முயற்சியாக அச்சிட்டது. நீதிமன்ற வாசலில் வெள்ளைக் கூட்டம் சேர்ந்தது. அவனைத் தூக்கிலிட்டுவிடுவார்கள் என்று அஞ்சி, முதல் உலகப் போரில் சேவை செய்து திரும்பியவர்கள் உட்படக் கறுப்பின ஆண்கள் ஆயுதத்தோடு காவலுக்குப் போனார்கள். ஒரு துப்பாக்கி வெடித்தது. அதன்பின் ஜூன் 1 நண்பகல்வரை நடந்தது படையெடுப்பு. நகர நிர்வாகமே வெள்ளையர்களுக்குக் காவலர் பொறுப்பும் ஆயுதமும் கொடுத்தது. 35 தெருக்கட்டுகள் கருகின. 1,200க்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. நாடறிந்த அறுவை மருத்துவர் ஏ. சி. ஜாக்சன் கைகளை உயர்த்திக்கொண்டு தன் வீட்டிலிருந்து வெளியே வந்தபோது சுடப்பட்டார். அதிகாரபூர்வ எண்ணிக்கை 36 பேர். வரலாற்றாசிரியர்களின் கணிப்பு 300 வரை போகிறது. பிழைத்தவர்களில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்து அடைத்து, வெள்ளை முதலாளி வந்து பொறுப்பேற்றால்தான் வெளியே விட்டார்கள்.

டிக் ரோலண்ட் மீதான வழக்கு தள்ளுபடியானது. தீ வைத்ததற்காக, கொன்றதற்காக ஒரு வெள்ளையர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 'கலவரம்' என்று பெயர் சூட்டிவிட்டதால், கலவரச் சேதத்துக்குப் பணமில்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. எரிந்த நிலத்தைத் தட்டிப் பறிக்க நகராட்சி ஒரு புதுக் கட்டட விதியும் கொண்டுவந்தது. வக்கீல் பி. சி. ஃபிராங்க்ளின் ஒரு கூடாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்து வழக்காடி அந்த விதியை உடைத்தார். மக்கள் சொந்தச் செலவில் மறுபடி கட்டினார்கள். கட்டி முடித்த சில வாரங்களிலேயே எரிக்கப்பட்ட மவுண்ட் சயன் தேவாலயத்தின் கடனை, இல்லாத கட்டடத்துக்காக, அதன் சபையார் 1942 வரை அடைத்துத் தீர்த்தார்கள்.

பிறகு ஊர் வாய் மூடிக்கொண்டது. அந்த நாளின் செய்தித்தாளை மைக்ரோஃபிலிம் எடுக்கும்போது முதல் பக்கத்துச் செய்தி கிழிக்கப்பட்டிருந்தது. பல தலைமுறைப் பிள்ளைகள் டல்சாவிலேயே பிறந்து, டல்சாவிலேயே படித்து, இதைக் கேள்விப்படாமலே வளர்ந்தார்கள். மாநில ஆணையத்தின் அறிக்கை வர 2001 ஆயிற்று.

1930களின் புழுதிப் புயலை எல்லோருக்கும் தெரியும். ஸ்டைன்பெக்கின் நாவல் அதை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. முதல் உலகப் போரின் கோதுமை விலையை நம்பி, புல்வேர் பிடித்து வைத்திருந்த சமவெளியை டிராக்டர் விட்டுப் புரட்டினார்கள். விலை விழுந்தது, மழை நின்றது, மண் எழுந்து பறந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று மாநிலத்தின் மேற்குக் கோடியில் பிற்பகலிலேயே இருட்டிவிட்டது. அந்த மாதமே மண்வளப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

உலகம் அவ்வளவாக அறியாத ஒரு பெயர் கிளாரா லூப்பர். வரலாற்று ஆசிரியை. 1958 ஆகஸ்ட் 19 அன்று 13 சிறுவர் சிறுமியரைக் கூட்டிக்கொண்டு ஓக்லஹோமா சிட்டியின் கேட்ஸ் மருந்துக்கடைக்குள் போனார். கறுப்பர் உட்கார்ந்து குடிக்கக் கூடாத உணவு மேடையில் பிள்ளைகள் உட்கார்ந்து கோக் கேட்டார்கள். யோசனை எட்டு வயது மகள் மர்லினுடையது. துப்பினார்கள், திட்டினார்கள், பிள்ளைகள் அசையவில்லை. சில நாட்களில் அந்த நிறுவனம் மூன்று மாநிலங்களில் இருந்த தன் கடைகளில் பாகுபாட்டைக் கைவிட்டது. புகழ்பெற்ற கிரீன்ஸ்பரோ மாணவர்களின் உள்ளிருப்பு நடந்தது 1960இல். அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே இந்தப் பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். லூப்பர் 26 முறை கைதானார். பள்ளிப் பாடநூல் எழுதுபவர்கள் அவருக்கு இன்னும் சில பக்கங்கள் ஒதுக்கலாம்.

1995 ஏப்ரல் 19, காலை 9:02. ஓக்லஹோமா சிட்டியின் மர்ரா அரசு அலுவலகக் கட்டடத்தை ஒரு லாரிக் குண்டு பிளந்தது. 168 பேர் இறந்தார்கள், அவர்களில் 19 பேர் குழந்தைகள். வெளிநாட்டார் வேலை என்று தொலைக்காட்சிகள் பேசிக்கொண்டிருக்க, பிடிபட்டவர் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய டிமோதி மெக்வே. சரியாக ஐந்தாம் ஆண்டில் நினைவிடம் திறக்கப்பட்டது. ஒருவருக்கு ஒன்றாக 168 நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் பெயர். செய்ய வேண்டிய மரியாதையை அந்த நகரம் முழு மனதோடு செய்தது. அதே மாநிலத்தில் டல்சா நகரம் கிரீன்வுட்டின் இறந்தவர்களைத் தேடி ஓக்லான் இடுகாட்டைத் தோண்டத் தொடங்கியது 2020இல். அங்கே கிடைத்த எலும்புகளில் ஒருவர் பெயர் தெரிய 2024 வரை ஆனது. சி. எல். டேனியல், முதல் உலகப் போர்க்காலப் படைவீரர்.

2020 ஜூலை 9 அன்று இன்னொன்றும் நடந்தது. ஒரு குற்ற வழக்கின் மேல்முறையீட்டில், மஸ்கோகி மக்களுக்குக் கொடுத்த நிலத்தை காங்கிரஸ் எந்தச் சட்டத்தாலும் கலைக்கவில்லை, எனவே குற்றவியல் சட்டத்தைப் பொறுத்தவரை அது இன்றும் பூர்வகுடி நிலமே என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி நீல் கோர்சச். யாருடைய வீட்டுப் பத்திரமும் மாறவில்லை. ஆனால் பூர்வகுடிகள் தொடர்பான குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம் மாநிலத்தின் கையைவிட்டுப் போயிற்று. மற்ற நான்கு நாடுகளுக்கும் அதே நியாயத்தைக் கீழ் நீதிமன்றங்கள் நீட்டின. டல்சாவின் பெரும்பகுதி உட்பட, கிழக்கு ஓக்லஹோமா அந்தக் கணக்கில் வருகிறது. 2022இல் இன்னொரு தீர்ப்பு மாநிலத்துக்குச் சில அதிகாரங்களைத் திருப்பிக் கொடுத்தது. என்றாலும் சிட்டோ ஹார்ஜோ வைத்த கோரிக்கைக்கு 114 ஆண்டு கழித்துச் சரியான பதில் சொன்ன தீர்ப்பு 2020இல் வந்ததுதான்.

கிரீன்வுட்டுக்கு அப்படி ஒரு தீர்ப்பு கிடைக்கவில்லை. ஏழு வயதில் அந்தத் தீயிலிருந்து தப்பிய வயோலா ஃபிளெட்சர், 107 வயதில் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சி சொன்னார். 2024 ஜூனில் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் உயிர் பிழைத்தவர்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2025 ஜூனில் டல்சா மேயர் மன்றோ நிக்கல்ஸ் 10.5 கோடி டாலர் அறக்கட்டளை ஒன்றுக்குத் திட்டம் அறிவித்தார். பிழைத்தவர்களுக்கு நேரடியாகப் பணம் தரும் ஏற்பாடு அதில் இடம்பெறவில்லை. அதே ஆண்டு நவம்பரில், 111 வயதில் வயோலா ஃபிளெட்சர் காலமானார். அவருக்கு நகரமோ மாநிலமோ இழப்பீடாக எதையும் கொடுத்ததில்லை. அந்தக் கடன் அவரோடு தீர்ந்துவிடவில்லை. ஓக்லஹோமா அதை அவர் குடும்பத்துக்கும், கிரீன்வுட்டின் மற்றக் குடும்பங்களுக்கும் கொடுத்தே ஆக வேண்டும்.